மூடும் நாளுக்கான காசு

கற்பிட்டிக் குடாநாட்டின் களப்புக் கரையில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலையின் உப்புநீர்த் தொட்டி இன்றும் கிடக்கிறது. கொங்கிறீற் வெடித்து, உள்ளிருந்த கம்பிகள் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கம்பிரசரைப் பழைய இரும்பு வாங்குபவர் கழற்றிக்கொண்டு போனார். விலை போகாதவை எல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. அமோனியாக் குழாய்கள் பிடுங்கப்பட்ட இடத்தில் இருந்து எழுந்த நெடி அந்தப் பக்கம் போகவிடாமல் மூக்கை எரித்தது. சுற்றியிருந்த வீட்டுக்காரர் பிள்ளைகளை அந்த வேலிக்குள் விடவே இல்லை.

அந்தத் தொழிற்சாலையை நடத்திய கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை மூன்று ஆண்டுகள் பரிசோதித்தவன் நான். கணக்குகள் ஒழுங்காக உள்ளன என்று கையெழுத்திட்டதும் நான்தான்.

கணக்கு உண்மையிலேயே ஒழுங்காகத்தான் இருந்தது. ஆண்டுதோறும் இயந்திரத்துக்குப் பெறுமானத்தேய்வு எழுதியிருந்தார்கள். பேரேட்டில் அந்தத் தொகை வளர்ந்துகொண்டே வந்தது. நானும் ஒவ்வோர் எண்ணுக்கும் பச்சை மையால் குறியிட்டேன். தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, தொட்டியை உடைத்து நிலத்தைத் துப்புரவாக்கக் காசு வேண்டும் என்ற பேச்சு வந்தது. பேரேட்டில் இருக்கும் தொகை எங்கே என்று முகாமையாளரைக் கேட்டேன். "ஏட்டில இருக்குது ஐயா" என்றார். அது பொய் இல்லை. ஏட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தக் காசு டீசலாகவும், உறுப்பினர் கடனாகவும், ஓரிரு நல்ல பெருநாட்களில் கொடுத்த பங்கிலாபமாகவும் எப்போதோ கரைந்துவிட்டது. ஒருவரும் திருடவில்லை. ஆனாலும் தொட்டி கிடக்கிறது.

கூட்டுறவுக் கணக்காய்வில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு இந்தத் தொழில் கற்றுத்தந்த பெரிய பாடம் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது. ஏற்பாடு எழுதுவது வேறு, காசு ஒதுக்குவது வேறு. ஐந்தொகையில் ஓர் எண் இருப்பதாலேயே வங்கியில் ஒரு ரூபா இருக்கிறது என்று ஆகிவிடாது. கணக்கு நியமங்கள் இந்த விடயத்தில் தெளிவானவை. இலங்கையில் நாம் பின்பற்றும் எல்.கே.ஏ.எஸ் 16, ஒரு பொறித்தொகுதியைக் கழற்றி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் அதன் கிரயத்தில் சேர்க்கச் சொல்கிறது. எல்.கே.ஏ.எஸ் 37 அதைப் பொறுப்பாகக் காட்டச் சொல்கிறது. அவ்வளவுதான். அந்தப் பொறுப்புக்கு ஈடாக ஒரு வங்கிப் புத்தகம் இருக்க வேண்டும் என்று எந்த நியமமும் சொல்லவில்லை. அதைக் கேட்பது மனிதர் வேலை. அந்த மூன்று ஆண்டுகளும் நான் அதைக் கேட்கவில்லை.

என் அப்பா கேட்டிருப்பார். நாங்கள் உடப்பு ஆட்கள். அப்பா கரைவலைச் சம்மாட்டி. அம்பா பாடி வலை இழுத்து முடிந்து, மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கும்போது செலவைக் கழிப்பார், ஆட்களின் பங்கைக் கொடுப்பார், பிறகு தன் பங்கிலிருந்து கொஞ்சத்தை எடுத்து ஒரு தகர டின்னில் போடுவார். அது நூல் காசு. மீன் படாத வாரங்களில் அம்மா அந்த டின்னைப் பார்ப்பார், கேட்கமாட்டார். டின் இருந்தது எங்கள் வீட்டில் அல்ல, பெரியப்பா வீட்டில். "வலை கிழிஞ்ச பொறகு நூலுக்கு அலையக்கூடாது. கைக்கு எட்டுற இடத்திலயும் அத வைக்கக்கூடாது" என்பார் அப்பா. பின்னாளில் நான் நூல்களில் படித்ததெல்லாம் இந்த இரண்டு வசனங்களின் விரிவுதான்.

நுரைச்சோலை அனல் மின் நிலையம் வந்தபோது நான் இன்னும் சேவையில் இருந்தேன். தொண்ணூறுகளிலேயே பேசப்பட்ட திட்டம் அது. மீனவரும் கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்ததால் தள்ளிப்போனது. பிறகு சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடனில் கட்டினார்கள். 2011-ல் முதல் அலகும் 2014-ல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவோட், மொத்தம் 900. லக்விஜய என்று பெயர். தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிலக்கரி இறக்க முடியாது. ஆகவே அதற்கு முன்பே மலைபோலக் குவித்து வைப்பார்கள். காற்று அடிக்கும்போது கரித்தூளும் சாம்பலும் சுற்றுப்புறக் கிராமங்களின் பேச்சாகிவிடும். தலவில புனித அன்னம்மாள் பெருநாளுக்கு வருபவர்களுக்குக்கூட இப்போது அந்தப் புகைபோக்கி வழிகாட்டி.

அந்த நாட்களில் ஒரு கடற்றொழில் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுச்சபைக் கூட்டம். கணக்கை வாசித்து முடித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு முதிய மீனவர் எழுந்தார். ஊரில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐயா, சங்கத்துக் கணக்கு சரி. அந்தா தெரியுதே, அந்தக் கரண்ட் பெக்டரி, அத எப்ப மூடுவாங்க?"

"ஏன் நானா, இப்பத்தானே திறந்திருக்கு?"

"தெறந்தா ஒரு நாள் மூடணும்தானே. நம்மட ஐஸ் பெக்டரிய மூடினப்போ தொட்டிய உடைக்கக் காசில்ல. அந்தப் பெரிய தொட்டிய யாருட காசில உடைப்பாங்க?"

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் விரித்திருந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வியின் பின்னால் போனேன். உலகத்தில் யாராவது, மூடும் செலவுக்கான காசை முன்கூட்டியே, அதுவும் கூட்டுறவு முறையில் சேர்க்கிறார்களா? நம் நாட்டில் மின்சாரம் உற்பத்தி செய்த கூட்டுறவு என்றால், மலைநாட்டில் ஓடைகளை மறித்துச் சிறு நீர்மின் பொறிகளை நடத்திய மின் பாவனையாளர் சங்கங்கள்தான் நினைவுக்கு வரும். மின்சார சபையின் கம்பி ஊருக்குள் வந்ததும் அவற்றில் பல கைவிடப்பட்டன. அங்கும் துருப்பிடித்த சுழலிகள்தான் மிச்சம்.

விடை, நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அமெரிக்காவில், அதுவும் அணுமின் நிலையங்களில்.

அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனது கூட்டுறவுகள். நகரத்துக் கம்பனிகள் பண்ணை வீடுகளுக்குக் கம்பி இழுக்க மறுத்த காலத்தில், 1935-ல் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். விவசாயிகள் சங்கம் சேர்த்துக் கடன் வாங்கித் தாங்களே கம்பி இழுத்தார்கள். பிறகு ஊர்ச் சங்கங்கள் பல சேர்ந்து, மின்சாரம் உற்பத்தி செய்வதற்கென்று சங்கங்களின் சங்கங்களை அமைத்தன. நம்முடைய ஆரம்பச் சங்கங்களும் சமாசமும் போல. அப்படிப்பட்ட சில சமாசங்கள் அணுமின் நிலையங்களில் பங்கு வாங்கின. ஜோர்ஜியாவில் 38 ஊர்ச் சங்கங்களுக்குச் சொந்தமான ஓக்லதோர்ப் பவர், ஹாட்ச், வோக்டில் என்ற இரண்டு நிலையங்களிலும் 30 வீதம் வைத்திருக்கிறது. வேர்ஜீனியாவின் ஓல்ட் டொமினியன் கூட்டுறவு நோர்த் ஆனா நிலையத்தில் 11.6 வீதம் வைத்திருக்கிறது.

பங்கு வைத்திருப்பவருக்கு மின்சாரத்தில் மட்டும் பங்கு இல்லை, மூடும் செலவிலும் அதே வீதம் உண்டு. அணு உலையை மூடுவது ஐஸ் தொட்டியை உடைப்பது போன்றதல்ல. கதிர்வீச்சு ஏறிய உருக்கையும் கொங்கிறீற்றையும் வெட்டி, பொதி கட்டி, அதற்கென்றே உள்ள புதைநிலத்துக்கு அனுப்ப வேண்டும். நிலத்தை அளந்து, பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகுதான் உரிமம் முடியும். 60 ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழு 1988-ல் நிதிக்கான விதிகளைக் கொண்டுவந்தது. பெரிய உலை ஒன்றுக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு காட்ட வேண்டும் என்று சூத்திரமே எழுதி வைத்தார்கள். 1986-ஆம் ஆண்டு விலையில், அழுத்த நீர் உலைக்கு 10 கோடியே 50 இலட்சம் டொலர், கொதிநீர் உலைக்கு 13 கோடியே 50 இலட்சம். கூலி, எரிசக்தி, கழிவு புதைக்கும் கட்டணம் ஆகிய மூன்றும் ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். நிலையத்தை நடத்துபவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு பாக்கி என்று ஆணைக்குழுவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சேர்ந்த பணம் வளரும் என்று கணக்குப் போடலாம். ஆனால் பணவீக்கம் போக ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் வளரும் என்று பொதுவாகக் கற்பனை செய்யக்கூடாது. கணக்காய்வாளன் என்ற முறையில் அந்த 2 வீத வரம்பை வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆசையை எண்ணாக மாற்றி ஐந்தொகையில் ஏற்றுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சொல் ஒன்று அந்த விதிகளில் இருக்கிறது. நிதி 'வெளியே' இருக்க வேண்டும். சங்கத்தின் சொந்தக் கணக்கில் அல்ல. நம்பிக்கைப் பொறுப்பாளர் ஒருவரின் கையில், சங்கத்தின் நிர்வாகக் குழு நினைத்தாலும் தொட முடியாத இடத்தில். சம்பளம் கொடுக்கக் காசில்லை என்றாலும் அதில் கை வைக்க முடியாது. சங்கமே முறிந்து கடன்காரர்கள் வந்து நின்றாலும் அந்தப் பணம் மூடும் வேலைக்குத்தான். பெரியப்பா வீட்டில் இருந்த தகர டின் அது.

பணம் எப்படிச் சேர்கிறது? ஊர்ச் சங்கம் தன் சமாசத்திடம் நீண்டகால ஒப்பந்தத்தில் மின்சாரம் வாங்குகிறது. சமாசம் தன் மொத்த விலையில் மூடும் செலவுக்கான சிறு தொகையையும் சேர்க்கிறது. அது ஊர்ச் சங்கத்தின் பட்டியலில் ஏறி, கடைசியில் ஒரு பண்ணை வீட்டின் மின்கட்டணத்தில் சில சதங்களாக முடிகிறது. பங்குதாரருக்கு இலாபம் தேடும் கம்பனி இடையில் இல்லை. உறுப்பினரே உரிமையாளர், உறுப்பினரே வாடிக்கையாளர். ஆகவே இன்று குறைத்துக் கட்டினால் நாளை அதே வீட்டுப் பிள்ளைதான் கூட்டிக் கட்ட வேண்டும். கூட்டுறவுக்கே உரிய நேர்மை இது. கடனை இன்னொருவர் தலையில் தள்ள இடமே இல்லை.

விஸ்கொன்சினில் டெய்ரிலாண்ட் என்ற கூட்டுறவின் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பால் பண்ணைக்காரர்களின் மின்சாரச் சமாசம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஜெனோவா என்ற ஊருக்கருகே 50 மெகாவோட் உலை ஒன்றை வைத்திருந்தது. நுரைச்சோலையின் ஓர் அலகில் ஆறில் ஒரு பங்குதான். 1967-ல் உலை முதல் முறையாக உயிர்பெற்றது. 1987 ஏப்ரலில் நிரந்தரமாக நிறுத்தினார்கள். 2007-ல் உலைக்கலத்தைத் தூக்கித் தென் கரோலினாவின் புதைநிலத்துக்கு அனுப்பினார்கள். 2012-ல் எரிந்து முடிந்த எரிபொருளை ஐந்து பெரிய பீப்பாய்களில் அடைத்தார்கள். 2016-ல் கழற்றும் பொறுப்பை அதற்கென்றே இயங்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2023-ல்தான் நிலம் பொதுப் பாவனைக்கு விடுவிக்கப்பட்டது. எரிந்தது 20 ஆண்டு, துப்புரவாக்கியது 36 ஆண்டு. அந்த ஐந்து பீப்பாய்கள் இன்னும் அங்கேதான் நிற்கின்றன. எரிபொருளை அரசு எடுத்துச் செல்லும் என்ற வாக்குறுதி இன்னும் நிறைவேறவில்லை. உலையின் மின்சாரத்தில் பால் கறந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இருக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் கட்டிவிட்டுப்போன காசு அவர்களுக்குப் பிறகும் வேலை செய்தது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. கற்பிட்டியில் நின்று நேர் மேற்கே கடலைப் பார்த்தால், ஏறக்குறைய அதே அகலக்கோட்டில், 200 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. இடிந்தகரை மக்கள் அதை எதிர்த்துப் போராடிய 2011, 2012 காலத்தில் நம் கரையிலும் அச்சம் இருந்தது. முதல் உலை 2013-ல் மின்வலைப்பின்னலோடு இணைந்தது. 1000 மெகாவோட். அந்த 2012 ஓகஸ்ட்டில் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. என் தொழிலைச் செய்யும் ஒருவரின் அறிக்கை என்பதால் ஆசையோடு வாசித்தேன். அணு உலைகளை மூடுவதற்கான நிதியைப் பற்றி 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தில் ஏற்பாடு இல்லை, சேரும் நிதி போதுமா என்று பார்க்கும் அதிகாரம் ஒழுங்குமுறை வாரியத்துக்கு இல்லை என்று அது எழுதியது. இந்தியாவில் இதற்காக அறவிடப்படுவது அலகு ஒன்றுக்கு 2 பைசா. கூடங்குளத்தின் ஓர் உலை ஆண்டுக்கு 700 கோடி அலகு கொடுத்தால், சேர்வது 14 கோடி ரூபாய். பக்கத்தில் அமெரிக்கர் 1986 விலையில் எழுதிய தொகையை வைத்துப் பாருங்கள். அது போதுமா என்பது ஒரு கேள்வி. போதுமா என்று கேட்க அதிகாரம் பெற்றவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

நம் அரசும் அணுமின்சாரத்தைப் பற்றிப் பேசிவருகிறது. 2014-ன் 40-ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை அணுசக்திச் சபையும் ஒழுங்குமுறைப் பேரவையும் அமைந்தன. 2022-ல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று வந்து, நாடு எவ்வளவு ஆயத்தம் என்று பார்த்துப் போனது. வேண்டும், வேண்டாம் என்று நான் இங்கே வாதாட வரவில்லை. திறக்கும் ஒப்பந்தத்தில் மூடும் நிதியின் பக்கமும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அணுவுக்கு மட்டுமல்ல. சிலாபத்திலிருந்து புத்தளம் வரை போய் வாருங்கள். எண்பதுகளில் இறால் பண்ணை பெருகியது. கண்டலை வெட்டித் தொட்டி தோண்டினார்கள். 1996-ல் வெண்புள்ளி நோய் வந்தது. பலர் பண்ணையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். முந்தல் பக்கத்தில் உப்பேறிய அந்தப் பள்ளங்களில் இன்று தென்னையும் இல்லை, கண்டலும் இல்லை. இறால் விற்ற நாளில் கிலோவுக்கு ஒரு ரூபா எடுத்து வைத்திருந்தால், மண்ணை மூடிக் கண்டல் நட்டிருக்கலாம். 2010-லிருந்து மாம்புரியிலும் களப்பைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. சுத்தமான மின்சாரம்தான். ஆனாலும் அந்த இறக்கைகளை ஒரு நாள் இறக்க வேண்டும். லக்விஜயவின் சாம்பல் மேட்டையும் ஒரு நாள் மூடி மண் போட வேண்டும்.

இலங்கையில் இப்படி ஒரு நிதி அமைத்தால் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360-ஐ எட்டியது. பாரந்தூக்கிக்கும் வெளிநாட்டு நிபுணருக்கும் டொலரில் கொடுக்க வேண்டிய வேலைக்கு ரூபாவில் சேர்த்தால், இரண்டு மாதத்தில் கையிருப்பில் ஏறக்குறைய பாதி கரைந்த மாதிரி. அமெரிக்காவிலும் 2008-ல் பங்குச் சந்தை விழுந்தபோது பல நிதிகள் சுருங்கின. அடுத்த ஆண்டே ஆணைக்குழு உரிமையாளர்களைக் கூப்பிட்டு, பள்ளத்தை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்று கேட்டது. கேட்க ஒருவர் இருந்ததால் நிரப்பினார்கள். இரண்டாவது, உரிமையாளர் மாறுவது. 2024-ன் 36-ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. சொத்து கைமாறும்போது மூடும் கடமை இடையில் விழுந்துவிடக்கூடாது. நிதி உரிமையாளரின் பெயரில் அல்ல, நிலையத்தின் பெயரில் இருக்க வேண்டும்.

நானாவின் சங்கம் சில ஆண்டுகளுக்கு முன் சிறிய ஐஸ் ஆலை ஒன்றைத் திறந்தது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் கூப்பிட்டார்கள். பொதுச்சபையில் ஒரு தீர்மானம் எழுதினோம். விற்கும் ஒவ்வோர் ஐஸ் கட்டிக்கும் மூன்று ரூபா தனிக் கணக்குக்குப் போகும். காசு எடுக்க மூன்று கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவருடையது. தொட்டியை உடைத்து நிலத்தைத் துப்புரவாக்க மட்டுமே எடுக்கலாம். ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் பேரேட்டை அல்ல, வங்கிப் புத்தகத்தைச் சபை முன் வாசிக்க வேண்டும்.

ஓர் இளைஞர் எழுந்து, மூன்று ரூபா கூடினால் ஆட்கள் வேறு இடத்தில் ஐஸ் வாங்குவார்கள் என்றார். நியாயமான பயம். நானா திரும்பி, களப்புப் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னல் வழியே பழைய தொட்டி தெரிந்தது. தீர்மானம் நிறைவேறியது.

முதலாவது வைப்பு 4,260 ரூபா. 1,420 ஐஸ் கட்டி. புத்தகத்தை வாங்கிப் பார்த்து, என் பழக்கத்தில் பச்சைப் பேனாவை எடுத்தேன். இந்த முறை குறியிட்டது ஏட்டில் இருந்த எண்ணுக்கு அல்ல, வங்கியில் இருந்த காசுக்கு.